மீன்பிடிப் போட்டு (படகு) எஞ்சின் சூடாகாம இருக்கணும்னா: கரை ஏத்துற நாள்லயிருந்து திரும்ப எறக்குற நாள் வரை என்னென்ன பாக்கணும்

நான் துபாய்ல ஏசி வேலை பாத்துட்டு ஊருக்கு வந்து, மச்சானோட சேந்து ஒரு பழைய போட்டுல பங்கு போட்டவன். ஏசி வேலைன்னா சூட்ட ஒரு எடத்துல எடுத்து இன்னொரு எடத்துல விடுற வேலைதான, போட்டு எஞ்சின் கூலிங் எனக்கு என்ன பெரிய விசயமான்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. போன அக்டோபர்ல தேங்காப்பட்டணம் முகத்துவாரத்துக்கு கொஞ்ச தூரம் வெளிய வச்சு சூடு காட்டுற மீட்டர் ஏறி, எஞ்சின் ரூம்ல ஆவி கெளம்பி, இன்னொரு போட்டு கயிறு குடுத்து இழுத்துட்டு வந்தப்ப அந்த நெனப்பு போச்சு. அந்த முகத்துவாரத்துல மணல் ஏறி கெடக்கதும் அலை அடிக்கதும் நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும், உள்ள நுழையும்போது எஞ்சின் நின்னிருந்தா நான் இப்ப இத எழுதிட்டு இருக்க மாட்டேன்.

எஞ்சினோட மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில உள்ள கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைஞ்சு, எல்லாம் சேத்து 1,12,000 ரூவா. எஞ்சின் வாங்கி பத்து மாசம்தான், வாரண்டி உண்டு. ஆனா வித்த எடத்துல கேட்ட மூணு பேப்பர்ல ஒண்ணு கூட என் கையில இல்ல. புதுசா போட்டு வாங்குறவங்க, பங்கு சேர்றவங்க யாராவது இருந்தா இத ஒரு தடவ முழுசா படிச்சுருங்க.

1. உங்க எஞ்சின்ல எத்தன தண்ணி ஓடுதுன்னு முதல்ல பாருங்க

இது தெரியாம ஸ்பேனர் எடுக்காதீங்க. ரெண்டு தண்ணி ஓடுற வகைல, எஞ்சினுக்குள்ள சுத்துறது கூலன்ட். கடல் தண்ணி அந்தக் கூலன்ட்டோட சூட்ட மட்டும் ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல வாங்கிட்டு வெளிய போயிரும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. சில போட்டுல கூலன்ட் பைப்ப போட்டுக்கு அடியிலயே வெளிய ஓட விட்டிருப்பாங்க, அதுல கடல் தண்ணி உள்ள வர்ற வேலையே இல்ல, அத கீல் கூலர்ம்பாங்க. மூணாவது, வள்ளத்துல மாட்டுற அவுட்போர்டு மாதிரி கடல் தண்ணியே நேரா எஞ்சினுக்குள்ள போய் வர்றது. எங்களது முதல் வகை, அதனால அதப்பத்திதான் இங்க அதிகம்.

கீல் கூலர் உள்ளவங்களுக்கு ஒரே ஒரு விசயம்: கரை ஏத்துனதும் அடிக்கு பெயிண்ட் அடிக்கவங்க அந்தப் பைப்புக்கும் சேத்து அடிச்சு விட்டுருவாங்க. பெயிண்ட் ஏறுனா சூடு வெளிய போகாது. பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க.

2. பேப்பர் எல்லாத்தையும் ஒரு கவர்ல போடுங்க

எண்ணெய் கையோட எல்லாரும் விடுறது இதத்தான். எஞ்சின் வாங்குன பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் புக், போட்டோட பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், இன்சூரன்ஸ் பேப்பர். ஒவ்வொண்ணும் ரெண்டு ஜெராக்ஸ், ஒரு போட்டோ ஃபோன்ல. இதுக்கு மேல நீங்களா உண்டாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஒரு 40 பக்க நோட்டு. அதுல தேதி, ஹவர் மீட்டர் (எஞ்சின் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுறது) ரீடிங், என்ன மாத்துனோம், எந்த பில், யாரு செஞ்சா. அவ்வளவுதான். எங்கிட்ட வாரண்டிக்கு கேட்டது கூலன்ட் வாங்குன பில், சர்வீஸ் புக்ல என்ட்ரி, எத்தனாவது மணி நேரத்துல இம்பெல்லர் (கடல் தண்ணி பம்புக்குள்ள உள்ள ரப்பர் சக்கரம்) மாத்துனீங்கங்கது. நான் கூலன்ட் வாங்குனது லூஸ்ல, மாத்துனது தெரிஞ்ச பையன், பணம் கையில குடுத்தேன். என்னத்த காட்ட?

சாமான் வாங்கும்போது கடைக்கார அண்ணாச்சிகிட்ட பில்லுல எஞ்சின் மாடலும் எஞ்சின் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்க. முகம் சுளிப்பாங்க, பரவாயில்ல. பில் இல்லாம வாங்குனா நூறு எரநூறு கொறைப்பாங்க, அந்த எரநூறுதான் எனக்கு லட்சமாச்சு.

இன்னொண்ணு. மீன்பிடித் தடைக்காலத்துல மீன்வளத்துறைல இருந்து போட்ட நேர்ல வந்து ஆய்வு பண்ணுவாங்க. எஞ்சின் நம்பர் பாப்பாங்க. அந்த நம்பர் தட்டு மேல பெயிண்ட் அடிச்சு வச்சுக்கிட்டு சுரண்டிட்டு நிக்காதீங்க, அன்னைக்குன்னு பாத்து எஞ்சின கழட்டிப் பரத்தியும் போடாதீங்க. எஞ்சினயே மாத்துனவங்க புது பில்லோட மீன்வளத்துறை ஆபீஸ்ல போய் சொல்லிருங்க, பதிவுல பழைய நம்பர் கெடந்தா பின்னாடி எல்லாத்துக்கும் அலையணும்.

3. தேதியும் ஆளும் மே மாசமே பிடிச்சுருங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு தடைக்காலம். சின்னமுட்டம் போட்டுக்கு கிழக்குக் கடல் கணக்கு, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போட்டுக்கு மேற்குக் கடல் கணக்கு, ஜூன் 1 தொடங்கி ஜூலை 31 வரை. ரெண்டும் 61 நாள். ஜூன் முதல் பாதில ரெண்டு பக்கமும் மெக்கானிக்க தேடுவாங்க, ஜூலை கடைசி ரெண்டு வாரம் எவரும் கெடைக்க மாட்டாங்க, லேத்துல வரிசை நிக்கும். 61 நாள் இருக்கேன்னு தோணும், ஆனா கரை ஏத்த முறை வரணும், கச்சான் (தென்மேற்குப் பருவ) மழைல பாதி நாள் போகும், அப்புறம் ஞாயித்துக்கிழமை யாரும் வேலைக்கு வரமாட்டாங்க.

என் கணக்கு இப்படி: மே கடைசில சாமான் ஆர்டர், ஏன்னா கொச்சி, தூத்துக்குடில இருந்து வரவேண்டியதுக்கு சில சமயம் ரெண்டு வாரம் ஆயிரும். ஜூன் முதல் வாரம் கழட்டுறது. ஜூன் கடைசிக்குள்ள மாட்டி முடிக்கணும். ஜூலை சும்மா கெடக்கட்டும், அதுல எப்படியும் ஏதாவது ஒரு வேலை மொளைக்கும்.

4. கரை ஏத்துன உடனே நல்ல தண்ணி விடுங்க

பலரும் போட்ட ஏத்திட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. உள்ள நிக்கிற கடல் தண்ணி காஞ்சு உப்பா பிடிச்சுக்கிடும், ஒரு மாசம் கழிச்சு பாத்தா கல்லு. ஏத்துன ரெண்டு மூணு நாளுக்குள்ள கடல் தண்ணி பக்கத்த வடிச்சுட்டு, ஸ்டிரெய்னர் (உள்ள வர்ற கடல் தண்ணிய வடிகட்டுற டப்பா) வழியா நல்ல தண்ணி விட்டு அலசிருங்க. எஞ்சின ஓட்டி அலசுறதா இருந்தா ட்ரம்ல தண்ணி தீர்றதுக்கு முன்னாடி நிறுத்திரணும், இல்லன்னா இம்பெல்லர் காஞ்சு போய் கருகிரும்.

5. வால்வு, ஹோஸ், ஸ்டிரெய்னர்

போட்டுக்கு அடியில தண்ணி உள்ள வர்ற ஓட்டைல ஒரு கம்பி வலை இருக்கும். அதுல பாசியும் சிப்பியும் பிடிச்சு பாதி அடைஞ்சிருக்கும், கரைல இருக்கும்போதுதான் சுரண்ட முடியும். வால்வ முழுசா மூடித் திறந்து பாருங்க. வருசம் முழுக்க திறந்தே கெடந்து இறுகிப் போயிருக்கும், ஹோஸ் பிஞ்சு தண்ணி உள்ள ஏறுற அன்னைக்கு அது மூடலன்னா போட்டு போச்சு.

ஹோஸ கையால அமுக்கிப் பாருங்க, நொய்யுன்னு இருந்தாலும் சரி, கல்லு மாதிரி இருந்தாலும் சரி மாத்திருங்க. பம்புக்கு முன்னாடி உள்ள ஹோஸ் உள்ள கம்பி சுத்துனதா இருக்கணும், சாதா ஹோஸ் போட்டா இழுப்புல ஒட்டிக்கிடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. கடல் மட்டத்துக்கு கீழ உள்ள மூட்டுக்கு ரெண்டு ரெண்டு கிளாம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்த கொண்டு போய் ஸ்குரூல வச்சுப் பாருங்க, நல்லா ஒட்டுனா அநேகமா அந்த ஸ்குரூ துருப்பிடிக்கிற ரகம்.

ஸ்டிரெய்னர் விசயத்துல முக்கியமா மூடியில உள்ள ரப்பர் ரிங்கு. அது வெடிச்சிருந்தா தண்ணி வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும். தண்ணிக்குப் பதிலா காத்த இழுக்கும், எஞ்சின் சூடாகும், நீங்க எல்லாத்தையும் கழட்டிப் பாப்பீங்க, ரிங்கோட வெல அம்பது ரூவா.

6. இம்பெல்லர். இத மட்டுமாவது முழுசா படிங்க

கடல் தண்ணி பம்புக்குள்ள இருக்க ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். தண்ணிதான் அதுக்கு எண்ணெய் மாதிரி. வால்வ மூடி வச்சுக்கிட்டு எஞ்சின ஸ்டார்ட் பண்ணுனா ஒரு நிமிசத்துக்குள்ளயே கருக ஆரம்பிச்சுரும். அதனால வால்வ மூடும்போது எஞ்சின் சாவிய அந்த வால்வுலயே தொங்க விட்டுட்டுப் போங்க, மறதிக்கு இதவிட நல்ல மருந்து எனக்குத் தெரியல.

எங்க கதை என்னன்னா, ஆகஸ்ட்ல தண்ணி கொறைவா வருதுன்னு இம்பெல்லர் மாத்துனோம். பழசுல ரெண்டு இதழ் இல்ல. மாத்துன பையன் "ரெண்டு பீஸ் போயிருக்குண்ணே"ன்னு சொல்லிட்டே அத கடல்ல வீசுனான், நானும் சரின்னு தலையாட்டுனேன். போன பீஸ் எங்க போச்சுன்னு ரெண்டு பேருக்கும் கேக்கத் தோணல. அது தண்ணி போற வழியிலதான போகும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாசல்ல போய் ஒக்காந்துட்டு. ரெண்டு மாசம் அந்த மிச்ச வழில எஞ்சின் எப்படியோ ஓடிச்சு, அக்டோபர்ல ஒரு பிளாஸ்டிக் துண்டும் வந்து சேந்துச்சு, முடிஞ்சுது.

ஒரு இதழ் கொறைஞ்சாலும் அது கைக்கு வர்ற வரை ஹோஸக் கழட்டித் தேடுங்க. பழைய இம்பெல்லர வீசாதீங்க, தேதி எழுதி கவர்ல போட்டு வைங்க. வாரண்டிக்காரன் வந்தா காட்டலாம்.

மாத்தும்போது பாக்க வேண்டியது: பம்பு மூடித் தகட்ட வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நகம் மாட்டுற அளவுக்கு கோடு விழுந்திருந்தா புது இம்பெல்லர் போட்டும் இழுப்பு இருக்காது. முகத்துவாரத்து மணல் தண்ணில தெனமும் போய் வர்ற போட்டுக்கு இந்தத் தேய்மானம் சீக்கிரம் வரும். புது இம்பெல்லருக்கு கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் ஊதிரும், சோப்புத் தண்ணியோ கிளிசரினோ போதும். இதழ் எல்லாம் எஞ்சின் சுத்துற தெசைக்கு ஏத்தாப்ல ஒரே பக்கமா மடங்கணும், கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சா கொழப்பம் வராது. பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல தண்ணியோ எண்ணெயோ சொட்டுனா உள்ள சீல் போச்சுன்னு அர்த்தம். சொட்டுதேன்னு எம்சீல் வச்சு அடைக்கவங்கள நான் பாத்திருக்கேன், அடைச்சா அந்தத் தண்ணி எஞ்சின் பக்கம்தான் போகும்.

தடைக்காலத்துல இம்பெல்லர கழட்டித் தனியா வச்சிருங்க, ரெண்டு மாசம் மடங்கியே கெடந்தா அப்படியே நின்னுரும். கழட்டி வச்சிருக்குன்னு ஸ்டியரிங்ல ஒரு அட்டை எழுதித் தொங்க விடுங்க, மச்சான் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்க வருவாரு.

7. ஹீட் எக்ஸ்சேஞ்சரும் ஜிங்கும்

ரெண்டு பக்க மூடியையும் கழட்டுனா உள்ள சின்னச் சின்ன கொழாயா தெரியும். மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ விட்டு ஒவ்வொண்ணா குத்தி எடுங்க. இரும்புக் கம்பி வேண்டாம், கொழாய் கீறிரும், பொத்தல் விழுந்தா கடல் தண்ணி கூலன்ட்ல கலந்துரும். வெள்ளையா கல்லு பிடிச்சிருந்தா பத்து லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ சிட்ரிக் ஆசிட் போட்டு ரெண்டு மூணு மணி நேரம் ஊற வச்சு, நல்ல தண்ணில நல்லா அலசுங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்தச் சொல்றவங்க ஊருக்கு ரெண்டு பேர் இருப்பாங்க, கேக்காதீங்க, அலுமினியம் இருக்க எடத்தயெல்லாம் அது தின்னுரும். சிட்ரிக் ஊத்துறதுக்கும் முன்னாடி ஜிங்க கழட்டிரணும்.

ஜிங்க்ங்கது பென்சில் மாதிரி ஒரு துண்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல போல்ட்டோட திருகி இருக்கும். உப்புத் தண்ணி மத்த உலோகத்த தின்னாம இத தின்னட்டும்னு வைக்கது. பாதி தேஞ்சா மாத்திருங்க. அது தேயாம புதுசாவே இருந்தா சந்தோசப்படாதீங்க, அது வேலையே செய்யலன்னு அர்த்தம். திருகும்போது டெஃப்லான் டேப் சுத்துறதும், மேல பெயிண்ட் அடிக்கதும் வேண்டாம், உலோகமும் உலோகமும் தொடணும்.

8. கூலன்ட்

கடற்கரைக் கெணத்துத் தண்ணியும் போர் தண்ணியும் வேண்டாம், உப்பு உண்டு. பேட்டரி கடைல டிஸ்டில்டு வாட்டர்னு கேளுங்க, வெறுமனே பேட்டரி தண்ணின்னு கேட்டா சில எடத்துல ஆசிட்ட எடுத்து நீட்டிருவாங்க. கலக்காத கூலன்ட்டா இருந்தா பாதிக்குப் பாதி, கலந்தே வர்றதா இருந்தா அப்படியே ஊத்தணும், டப்பால போட்டிருக்கும். நமக்குத்தான் பனி கெடையாதே, கூலன்ட் எதுக்குன்னு கேப்பாங்க. துருப்பிடிக்காம இருக்கவும், சீக்கிரம் கொதிக்காம இருக்கவும் வேணும். பச்சைல செவப்பக் கலந்து ஊத்தாதீங்க, சில ரகம் சேந்தா சேறு மாதிரி ஆயிரும்.

சூடா இருக்கும்போது மூடியத் திறக்கக் கூடாது. மேல பீச்சி அடிக்கும், முகம் வெந்து ஆஸ்பத்திரிலதான் கெடக்கணும். மூடியோட ரப்பரும் ஸ்பிரிங்கும் போனாலும் எஞ்சின் கொதிக்கும், அதனால மூடியையும் மாத்திருங்க. ஆயில் ஸ்டிக்க எடுத்துப் பாக்கும்போது எண்ணெய் பால் டீ மாதிரி இருந்தா அதோட நிறுத்தி மெக்கானிக்க கூப்பிடுங்க.

9. தெர்மோஸ்டாட், பெல்ட், மீட்டர்

சூட்டுக்கு ஏத்தாப்ல கூலன்ட் போற வழிய திறந்து மூடுறதுதான் தெர்மோஸ்டாட். அத கழட்டித் தூரப் போட்டுட்டா எஞ்சின் சூடாகாதுன்னு ஹார்பர்ல ஒரு வைத்தியம் இருக்கு. செய்யாதீங்க, எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராம டீசல் குடிக்கும், கரி பிடிக்கும், சில எஞ்சின்ல தண்ணி வேற வழியா சுத்திட்டு சூடு இன்னும் கூடும். பழைய பாத்திரத்துல தண்ணி வச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டு அடுப்புல ஏத்துங்க. அது மேலயே எத்தன டிகிரின்னு அடிச்சிருக்கும், அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல திறக்கணும், ஆறுனா மூடணும். பெல்ட் நடுவுல அமுக்குனா ஒரு செ.மீ. போல இறங்குனா போதும்.

மீட்டர் பத்தி ஒரு எச்சரிக்கை. கூலன்ட் முழுசா ஒழுகிட்டா சென்சார் வெறும் ஆவில நிக்கும், அப்ப மீட்டர் ஏறாம எறங்கவும் செய்யும். எங்களது அன்னைக்கு ஏறி, திடீர்னு எறங்குச்சு, நான் அப்பாடான்னு நெனச்சேன். போட்ட ஓட்டுற ஸ்ராங்குதான் கடல் தண்ணி வெளிய விழுற சைடு பைப்ப எட்டிப் பாத்துட்டு "தண்ணி வரல, கொறைடே"ன்னு கத்துனாரு.

10. எவ்வளவு ஆச்சு

இந்த வருசம் எனக்கு ஆனது, உங்க எஞ்சினுக்கு மாறும்: இம்பெல்லர் ரெண்டு 4,800, ஜிங்க் நாலு 1,400, ஹோஸும் கிளாம்பும் 3,100, கூலன்ட்டும் தண்ணியும் 2,900, பெல்ட், மூடி, ரிங்கு, கேஸ்கெட் எல்லாம் 2,600, மெக்கானிக் மூணு நாள் 4,500. 19,300. ரெண்டு நாள் கூடமாட நானே நின்னேன், அதுல கொஞ்சம் கொறைஞ்சுது, அதவிட என்ன எங்க இருக்குன்னு கையால தெரிஞ்சுது.

11. எறக்குன அப்புறம்

வால்வ திறந்தாச்சான்னு ரெண்டு பேர் பாருங்க. ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரத்துல சைடு பைப்புல தண்ணி வரணும், வரலன்னா உடனே ஆஃப். புகையும் தண்ணியும் ஒரே கொழாய்ல போற எஞ்சினா இருந்தா, ஸ்டார்ட் ஆகாம திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கும்போது வால்வ மூடிக்கிடுங்க, தண்ணி நெறஞ்சு எஞ்சினுக்குள்ள திரும்பிரும். ஸ்டார்ட் ஆனதும் திறந்துரணும்.

ஹார்பருக்குள்ள கட்டிப் போட்டு ஓட்டுனது ட்ரையல் ஆகாது. அரை மணி நேரம் லோடுல ஓட்டி, மீட்டர் எங்க நிக்குதுன்னு நோட்டுல எழுதுங்க. அந்த எண்ணுதான் பின்னாடி உங்களுக்கு அளவுகோல். ஜூலை 31 ராத்திரி எல்லாரும் கெளம்புற அவசரத்துல இத செய்ய முடியாது, நாலு நாள் முன்னாடியே முடிங்க.

12. கடல்ல வச்சு சூடு ஏறுனா

முதல்ல ரேஸ கொறைங்க. சைடு பைப்ப பாருங்க. தண்ணி வந்தா பிரச்சன கூலன்ட், பெல்ட் பக்கம், இல்லன்னா காத்தாடில (புரொப்பல்லர்ல) வலை சுத்தி எஞ்சின் தெணறுது, இத பலபேர் யோசிக்கவே மாட்டாங்க. தண்ணி வரலன்னா எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, ஸ்டிரெய்னர், அடி வலைல சாக்கோ சொறியோ (ஜெல்லி மீன்) ஒட்டிருக்கா, அப்புறம் இம்பெல்லர், இந்த வரிசைல பாருங்க. ஸ்டிரெய்னர கழட்டும்போது வால்வ மூடிட்டுக் கழட்டுங்க. சூடான எஞ்சின் மேல கடல் தண்ணிய கோரி ஊத்தாதீங்க, ஹெட் வெடிக்கும். ஆற விடுங்க. முகத்துவாரத்துக்குப் பக்கத்துலன்னா ஆறட்டும்னு காத்து நிக்காம முதல்ல நங்கூரம் போட்டுட்டு, வயர்லெஸ்ல பக்கத்துப் போட்ட கூப்பிடுங்க.

போட்டுல ஒரு டப்பால இம்பெல்லர் ஒண்ணு, கேஸ்கெட், பெல்ட், ரிங்கு, கிளாம்பு நாலு, ஒரு அடி ஹோஸ், அஞ்சு லிட்டர் கூலன்ட், பம்பு மூடிக்கு ஏத்த ஸ்பேனர். சாமான் இருந்து ஸ்பேனர் இல்லாம திரும்பி வந்த போட்டும் உண்டு.

13. வள்ளத்துல 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் வச்சிருக்கவங்களுக்கு

மூணே விசயம். கரைல மணல் தண்ணில வள்ளம் தட்டும்போது மோட்டார ஓட விடாதீங்க, மணல் உள்ள போய் இம்பெல்லர அரைச்சுரும். தொழில் முடிஞ்சு வந்ததும் ட்ரம்ல நல்ல தண்ணி வச்சு பத்து நிமிசம் ஓட்டுங்க. பின்னாடி பீச்சுற தண்ணி கொறைஞ்சா உடனே பம்ப பிரிக்காதீங்க, முதல்ல அந்த ஓட்டைல ஒரு தங்கூசி (நைலான் நரம்பு) துண்ட விட்டுக் குத்திப் பாருங்க, பாதி நேரம் உப்புதான் அடைச்சிருக்கும். அதுக்கும் சரியாகலன்னா கீழ் பாகத்த எறக்கி இம்பெல்லர் மாத்தணும், அப்ப ஷாஃப்ட்ல இம்பெல்லர பிடிச்சு நிக்கிற சின்ன உலோகத் துண்டு, சாவிம்பாங்க, அது மணல்ல விழாம கீழ ஒரு சாக்க விரிச்சுக்கிடுங்க.